குளத்து வண்டலில் பழைய மழையைத் தேடுவது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

மண் அடுக்கின் வயதைக் கண்டுபிடித்து, அதில் புதைந்திருக்கும் மகரந்தத்தை வைத்து அந்தக் காலத்து மழையைச் சொல்ல வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக நுண்ணோக்கியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. இந்த வண்டல் இங்கே எப்படி வந்தது என்பது முதல் கேள்வி. எப்போது வந்தது என்பது இரண்டாவது. அதில் என்ன செடி இருந்தது என்பது மூன்றாவது. இந்த வரிசையை மாற்றினால், ஆறு மாதம் எண்ணிய பிறகு, எண்ணியது எந்தக் காலத்து மகரந்தம் என்றே தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் முதுகலைத் திட்டமாகவோ முனைவர் பட்ட வேலையின் தொடக்கமாகவோ இதை எடுக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பாறையை விட்டுவிட்டு வண்டலுக்கு வாருங்கள்

மலையடிவாரப் பாறை இடுக்கில் பெரணி இலை போலக் கறுப்பாக ஒரு வரைவைப் பார்த்ததும் ‘தாவர ஃபாசில்’ என்று போட்டோ அனுப்புகிறவர்கள் எப்போதும் உண்டு. அது மாங்கனீசு ஆக்சைடு. பாறை வெடிப்பில் கசிந்த தண்ணீர் விட்டுச்சென்ற கனிமம், கிளை கிளையாகப் படிந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நடு நரம்பு இருக்காது, இலைக் காம்பு இருக்காது, வெடிப்பு முகத்தில் மட்டும்தான் இருக்கும்.

நம் பக்கத்து அடிப்பாறை சார்னோகைட்டும் நைஸும். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. கடைசிப் பெரிய உருமாற்றம் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. தரையில் செடிகள் தலைகாட்டியது அதற்குப் பிறகு, சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். ஆகவே அந்தப் பாறையில் இலையைத் தேடி அலைய வேண்டாம்.

கல்லில் பதிந்த இலைதான் வேண்டும் என்றால் சிவகங்கைப் பக்கத்தில் மேல் கோண்டுவானா என்று சொல்லப்படும் பழங்காலக் களிப்பாறைகளுக்குப் போக வேண்டும். டைலோஃபில்லம் போன்ற செடிகளின் இலைப்பதிவுகள் அங்கே உண்டு. ஆனால் கோடி ஆண்டுக் கணக்கிலான அந்த அடுக்குகளுக்கு வயது சொல்லும் முறையே வேறு. எந்த இனம் எந்த அடுக்கில் கூடவே வருகிறது என்று ஒப்பிட வேண்டும். நடுவில் எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் அதிலுள்ள சிர்கான் என்ற கனிம மணிகளின் யுரேனியம், ஈய அளவைப் பார்க்க வேண்டும். நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது குளத்து வண்டல், ஆறு விட்டுப்போன பழைய பள்ளங்கள், தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் ஆகிய மூன்றும்தான். இவற்றில் சில நூறு முதல் பல ஆயிரம் ஆண்டு வரை படிக்கலாம்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. பெரிய குளங்கள் நீர்வளத்துறையின் கையில், சின்னவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கும். கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை எழுத்து இல்லாமல் கரையில்கூடக் குழாயை இறக்காதீர்கள். ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஒரு கை மண்கூட எடுக்கக்கூடாது. காகிதம் கையில் இருந்தாலும், பாசனக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினால் மணல் அள்ள வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்து ஆய்வகம். அமிலப் புகையை வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் வேலை செய்கிறதா, சுழற்றிப் பிரிக்கும் செண்ட்ரிஃப்யூஜ் கிடைக்குமா என்று மண் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஈரமண்ணை வைக்க 4 டிகிரி குளிர்பெட்டியில் இடம் வேண்டும். வெளியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை மகரந்தத்தையும் தின்னும், கார்பனை அளந்து சொல்லும் வயதையும் குழப்பும்.

மூன்றாவது, ஒப்பிடுவதற்கு இன்றைய மகரந்தம். இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். பூக்கும் பருவம் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொன்று என்பதால், உடை, கருவேலம், சீமைக்கருவேலம், வன்னி, பனை, விராலி, சவுக்கு, கோரை, சம்பு, நெல் என்று ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிறபோதெல்லாம் மொட்டைப் பறித்துக் காகித உறையில் போட்டு வையுங்கள். எந்தச் செடி என்பதைத் தாவரவியல் தெரிந்தவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்லைடு போடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய மகரந்த ஸ்லைடுத் தொகுப்பு இருக்கிறது. சந்தேகத்துக்கு அங்கே போய்ப் பார்க்கலாம். லக்னோவில் பழந்தாவர ஆய்வுக்குப் பெயர்பெற்ற பீர்பல் சாகனி நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் சொந்த ஊர் ஸ்லைடு சொந்தமாகவே வேண்டும்.

3. எந்தக் குளம்? வேலையில் பாதி இதுதான்

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, மகரந்தமும் அங்கிருந்துதான் வரும். இதை மறந்தால் பிறகு எந்தக் கணக்கும் உதவாது.

தாமிரபரணிக் கால்களில் பாயும் குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், மருதூர் மேலக்கால், கீழக்கால் எல்லாம் பொதிகையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருபவை. அந்தத் தண்ணீரில் வெடிப்பலா, நாங்கு, பாலி போன்ற மழைக்காட்டு மரங்களின் மகரந்தமும் மிதந்து வரும். சமவெளிக் குளத்து வண்டலில் அவற்றைப் பார்த்துவிட்டு, ‘ஒரு காலத்தில் இந்த ஊரே பசுமைக்காடாக இருந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. ஊரில் வயலும் பனையும்தான் இருந்திருக்கும். மகரந்தம் மலையிலிருந்து வந்தது. மலைக்காட்டின் கதைதான் வேண்டுமென்றால் இந்தக் குளம் நல்லது. ஊரின் மழைதான் வேண்டுமென்றால் இது குழப்பும்.

ஊர் மழையைப் படிக்க நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் மேல். தன் சொந்த நீர்ப்பிடிப்பில் பெய்த மழை மட்டுமே வந்து தேங்குகிற குளமாகத் தேடுங்கள். பிற்காலத்தில் ஏதாவது கால்வாயை அதில் இணைத்திருக்கிறார்களா என்று பழைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளுக்கு இடையே இருக்கும் தருவைகள், அதாவது மழைநீர் தேங்கும் பள்ளங்கள், மூன்றாவது வகை. அங்கே காற்று கொண்டுவரும் மணலும், மழைக்குத் தேங்கும் களியும் மாறி மாறிப் படிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. மணலில் மகரந்தம் நிற்காது, ஆனால் மணலுக்கு வயது பார்க்கலாம். களியில் வயது சிரமம், மகரந்தம் கிடைக்கலாம். இரண்டும் மாறி வருவது நல்ல வசதி.

அடுத்த கேள்வி, தூர்வாரியிருக்கிறார்களா என்பது. வயலுக்குக் கரம்பை அள்ளியது, குடிமராமத்து, செங்கல் சூளைக்கு மண் எடுத்தது எல்லாம் சேர்ந்து பல குளங்களில் மேல் அடுக்குகளே கிடையாது. இதை எந்த ரெக்கார்டும் முழுதாகச் சொல்லாது. குளத்தடியில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள். “அண்ணாச்சி, கரம்பை எந்தப் பக்கம் அள்ளுனாவ?” என்றால், “கரை ஓரம் பூராம் தோண்டியாச்சு, நடுவுல கருவேலங்காட்டுக்குள்ள யாரும் கை வைக்கல” என்று விரலை நீட்டிக் காட்டிவிடுவார். அந்த நடுப்பகுதியில் மர வேர் இல்லாத இடைவெளியைப் பிடியுங்கள். வேர் இறங்கிய இடத்தில் புது கார்பன் பழைய அடுக்குக்குள் போயிருக்கும்.

இன்னொன்று: குளம் என்பது கரை போட்ட நாளிலிருந்துதான் குளம். அதற்குக் கீழே இருப்பது பழைய வயலாகவோ ஓடையாகவோ செவலாகவோ இருக்கலாம். கீழ்மண்ணுக்கும் வண்டலுக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு விடுபட்டிருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது. அந்த எல்லையைத் தாண்டி ஒரே கோடாக வயதை இழுக்க முடியாது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

4. மண்ணை எடுப்பது

பருவம் முக்கியம். பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்து, குளத்தில் தண்ணீர் இறங்கி, சேறு இன்னும் வெடிக்காமல் இருக்கிற பங்குனிதான் சரியான நேரம். வைகாசி வரை காத்திருந்தால் களி பிளந்துவிடும். கரிசல் கலந்த களியில் வெடிப்பு கை முழுக்க உள்ளே போகிற ஆழம் இருக்கும்; மேலே கிடக்கும் இன்றைய தூசியும் மகரந்தமும் அதன் வழியே பல நூறு ஆண்டுப் பழைய அடுக்குக்குள் விழும். ஆனி, ஆடியில் போனால் கணவாய்க் காற்று வேறு. திறந்து வைத்த மண்மேல் ஊர் மகரந்தம் எல்லாம் வந்து ஒட்டும்.

குழாயை இறக்கி எடுக்கும் மண் தண்டைக் ‘கோர்’ என்றே சொல்கிறேன்; எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான் பேசுகிறார்கள். மெத்தென்ற சேற்றுக்கு, பக்கவாட்டில் வெட்டி எடுக்கும் ரஷ்யன் கோரர் என்ற கருவி அருமையானது. நம் குளத்துக் களிக்கு அது பெரும்பாலும் இறங்காது. தடித்த பி.வி.சி. குழாயின் அடிவிளிம்பைக் கூராகச் சீவி, மேலே மரக்கட்டை வைத்து அடித்து இறக்குங்கள். இறக்கி முடித்ததும் குழாய்க்கு உள்ளே மண் மட்டம் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டையும் அளங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் மண் அமுங்கியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை எழுதாவிட்டால் உங்கள் ஆழக் கணக்கு முழுக்கத் தப்பு. பிறகு மேல்வாயை மூடியால் இறுக்கி அடைத்துவிட்டு முக்காலியும் செயின் பிளாக்கும் போட்டு இழுங்கள். மூடாமல் இழுத்தால் மண் கீழேயே தங்கிவிடும்.

குழாய் வெளியே வந்த அந்த நிமிஷமே ‘மேல்’ என்று அம்புக்குறி போடுங்கள். இதைச் சொல்வதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனால் தலைகீழாய்ப் பிளந்த கோர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே இன்னொரு கோர் எடுங்கள். ஒன்றில் இடைவெளி விழுந்தால் மற்றதில் பார்க்கலாம்.

குழி வெட்டி அதன் சுவரிலிருந்து எடுப்பதும் நல்ல வழி, செலவும் குறைவு. சுவரைக் கரண்டியால் சுத்தமாகச் சீவிவிட்டு, கீழிருந்து மேலாக மாதிரி எடுங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்கில் ஒட்டும்.

மணல் அடுக்கு தென்பட்டால் ஒளித்தூண்டல் வயதுக்கு, அதாவது ஓ.எஸ்.எல். முறைக்கு, அப்போதே மாதிரி எடுத்துவிடுங்கள். மணல்மணி கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதைத்தான் அந்த முறை அளக்கிறது. ஆகவே மாதிரி வெளிச்சத்தையே பார்க்கக்கூடாது. இரும்புக் குழாயைச் சுவருக்குள் அடித்து, இரண்டு முனையையும் அடைத்து, கறுப்புத் துணியில் சுற்றுங்கள். அதே இடத்திலிருந்து இன்னொரு பை மண்ணும் வேண்டும். சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும் கதிரியக்கத்தையும் அதில்தான் அளப்பார்கள். நம் கரையோர மணலிலும் தேரியிலும் மோனசைட் கலந்திருப்பதால் தோரியம் இடத்துக்கு இடம் மாறும். வேறு ஊர் அளவை எடுத்துப் போட்டால் வயது எங்கேயோ போய்விடும்.

5. பிளந்து எழுதிவைப்பது

கோர் தண்டை நெடுக்கே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தொடாமல் வைத்துவிடுங்கள். மறு பாதியைப் பிளந்த உடனே போட்டோ எடுங்கள். காற்றுப் பட்டால் நிறம் மாறும். நிறத்தை, மண் நிறங்களுக்கென்று இருக்கும் மன்செல் அட்டையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. சுக்காங்கல் (மண்ணில் சுண்ணாம்பு திரண்ட கல்) உருண்டை, மணல் அடைத்த வெடிப்பு, ஓட்டுச்சில்லு, கரிக்கோடு எல்லாவற்றையும் ஆழத்தோடு குறியுங்கள். சுக்காங்கல்லும் வெடிப்பும் ‘இங்கே குளம் நெடுநாள் காய்ந்து கிடந்தது’ என்று சொல்லும் அடையாளங்கள். வயதுக்கோட்டை எங்கே உடைக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

6. முதலில் மூன்றே மூன்று மாதிரி

மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. இந்த மூன்றை மட்டும் அடுத்த பகுதியில் சொல்கிற ரசாயன வேலைக்கு உட்படுத்தி ஸ்லைடு போட்டுப் பாருங்கள். நம் குளங்கள் வருஷா வருஷம் காய்கின்றன. காற்றுப் பட்ட மண்ணில் மகரந்தச் சுவர் அரிக்கப்பட்டுப் போகும். சில குளங்களில் ஒன்றுமே இருக்காது. வயதுக்குப் பணம் கட்டும் முன் இது தெரிய வேண்டும்.

மகரந்தம் இல்லை என்றால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. புல்லும் பனையும் தங்கள் செல்களில் சேர்த்துவைக்கிற சிலிக்காத் துகள், அதாவது ஃபைட்டோலித், காய்ந்த மண்ணிலும் அழியாது. அதற்கு மாறிக்கொள்ளலாம். நெல்லைக் கண்டுபிடிக்க மகரந்தத்தைவிட அது நம்பகமும்கூட. நெல் மகரந்தம் காட்டுப்புல் மகரந்தத்தோடு அளவிலும் உருவிலும் கலந்துவிடும். நெல் உமியின் இரட்டை முகட்டுத் துகளை அப்படிக் குழப்ப முடியாது.

7. ரசாயன வேலை: வரிசையை மாற்றாதீர்கள்

ஒரு கன சென்டிமீட்டர் மண் போதும். பிறகு மகரந்த அடர்த்தியைக் கணக்கிட, அதில் லைகோபோடியம் என்ற செடியின் ஸ்போரை (வித்துத்தூளை) எண்ணி அடைத்த மாத்திரையைப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு மாத்திரையில் எத்தனை ஸ்போர் என்று அந்தத் தொகுப்பில் அச்சிட்டிருக்கும். இடையில் கழுவும்போது கொஞ்சம் மகரந்தம் போனால் அதே விகிதத்தில் ஸ்போரும் போகும். அதனால்தான் முதலிலேயே போடுகிறோம். பாதி வேலைக்குப் பிறகு ஞாபகம் வந்து போட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவதே மேல்.

அடுத்து 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். மாத்திரையையும் சுண்ணாம்பையும் கரைக்கும். சொட்டுச் சொட்டாக விடுங்கள், சுக்காங்கல் மண் பொங்கி வழியும். கழுவிய பின் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கொதிநீர்த் தொட்டியில் சில நிமிஷம். கறுப்புச் சாறு இறங்கும். தெளியும் வரை கழுவுங்கள். பிறகு 150 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். மேலே தங்குவதைத் தூக்கி எறியாதீர்கள்! விதை, உமி, இலைத்துண்டு எல்லாம் அதில்தான் இருக்கும், வயதுக்கு வேண்டும்.

களியையும் மணலையும் பிரிக்கப் பழைய வழி ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். எலும்பு வரை போகிற அமிலம் அது. தோலில் பட்ட உடனே வலிக்காது, அதுதான் ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாத ஆய்வகத்தில் அதன் பாட்டிலைத் திறக்கவே கூடாது. கண்ணாடிப் பாத்திரமும் ஆகாது, கண்ணாடியையே தின்னும். சுண்ணாம்பை முன்பே முழுதாக நீக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கால்சியம் ஃப்ளூரைடு படிந்து ஸ்லைடையே மறைக்கும். கல்லூரி ஆய்வகத்துக்கு என் சிபாரிசு சோடியம் பாலிடங்ஸ்டேட் கனத்திரவம். அடர்த்தியை 2 அளவில் வைத்துச் சுழற்றினால் மகரந்தம் மேலே மிதக்கும், மணல் கீழே போகும். விலை அதிகம்தான், ஆனால் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

கடைசியாக அசிட்டாலிசிஸ், அதாவது மிச்சமுள்ள செல்லுலோஸைக் கரைத்து மகரந்தச் சுவரைத் தெளிவாக்கும் வேலை: அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, அடர் கந்தக அமிலம் ஒரு பங்கு. இதற்கு முன்பு கிளேசியல் அசிட்டிக் அமிலத்தால் கழுவி ஈரத்தை ஒட்ட எடுத்தே ஆக வேண்டும். ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் கலவை வெடித்துச் சிதறும். சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் போதும். நேரம் கூடினால் மகரந்தம் கறுத்துச் சுவர் நகாசு தெரியாது. மறுபடி அசிட்டிக் அமிலம், பிறகு தண்ணீர், கடைசியில் கிளிசரின். எல்லாம் ஹூடுக்குள், கண்ணாடியும் கையுறையும் போட்டு.

ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே போடாத ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் மகரந்தம் தெரிந்தால் உங்கள் தண்ணீரிலோ ஜன்னலிலோ கோளாறு.

8. வயது: எதைக் கொடுத்து வயது கேட்கிறீர்கள்?

கதிர்கார்பன் முறை ஏறக்குறைய 50,000 ஆண்டு வரை பேசும். கார்பன் அணுக்களை நேராக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் இருந்தாலே போதும். டெல்லியில் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு இதைச் செய்கிறது. கருவி எல்லாம் ஒன்றுதான். நாம் கொடுக்கிற பொருள்தான் வித்தியாசம்.

முதல் தேர்வு, ஒரே பருவத்தில் வளர்ந்து மடிந்த தரைச்செடியின் விதை, உமி, இலை. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்ததை 2021இல் அறிவித்தார்கள். நெல் ஒரு பருவத்துப் பயிர் என்பதால் அந்த வயது நேராக அந்த அறுவடையின் வயது. மரக்கரி அப்படியில்லை. முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் நடுக்கட்டை எரிந்திருந்தால், எரித்த நாளைவிட முந்நூறு ஆண்டு பழையதாகக் காட்டும். சுள்ளிக் கரியாகப் பொறுக்குங்கள்.

நத்தை ஓட்டையும் நீர்ச்செடியையும் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். தாழையூத்துப் பக்கம் போலச் சுண்ணாம்புக்கல்லும், பல இடங்களில் சுக்காங்கல்லும் இருக்கிற சீமை இது. தண்ணீரில் கரைந்த அந்தக் கிழட்டுக் கார்பனை நத்தையும் பாசியும் எடுத்துக்கொள்ளும்; வயது சில நூறு, சில சமயம் ஆயிரம் ஆண்டுகூடக் கூடிவிடும். விதையே கிடைக்கவில்லை என்றால் மொத்த மண்ணைக் கொடுக்கலாம், ஆனால் அது பழைய மண், புது வேர் எல்லாவற்றின் சராசரி. ஒரே ஆழத்தில் விதைக்கும் மண்ணுக்கும் சேர்த்து ஒரு ஜோடி பார்த்துவிட்டால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எடுத்த விதையைப் பஞ்சிலோ காகிதத்திலோ பொதியாதீர்கள், அதுவும் கார்பன்தான். காயவைத்துக் கண்ணாடிக் குப்பியிலோ அலுமினியத் தாளிலோ வையுங்கள்.

வந்த எண்ணை அப்படியே நாட்காட்டி வயதாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ஆய்வகம் தரும் ‘பி.பி.’ வயது 1950இலிருந்து பின்னோக்கி எண்ணியது. இன்ட்கேல்20 என்ற திருத்த வளைகோட்டில் போட்டு நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். குறிப்பாக கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் விழுந்தால் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் அகலமான விடைதான் வரும். அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கி எழுதாதீர்கள்.

கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு, கதிரியக்க ஈயம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்க்கும் ஈயம்-210 முறை. அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. தூர்வாரிய குளத்தில் இது வேலைக்கு ஆகாது.

இவ்வளவு செலவுக்கும் முன்னால் இலவசமாக ஒரு சோதனை இருக்கிறது: சவுக்கும் சீமைக்கருவேலமும். இரண்டும் நம் சீமைக்கு 19ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தவை. சவுக்கு காற்றில் பரப்புவதால் மகரந்தம் தாராளமாக விழும். எந்த ஆழத்தில் அது தொடங்குகிறதோ, அதற்கு மேலே உள்ளது அந்தக் காலத்துக்குப் பிந்தியது. 80 செ.மீ. ஆழத்தில் விதை 900 ஆண்டு என்று சொல்ல, அதே மண்ணில் சவுக்கு மகரந்தம் தென்பட்டால், வெடிப்பு வழியாக மேல்மண் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரியை ஒதுக்குங்கள். சீமைக்கருவேலத்தில் ஒரு எச்சரிக்கை: வெகுகாலம் அதே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வன்னி நம் ஊர் மரம். இரண்டின் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

வயது–ஆழக் கோடு போட பேக்கன், கிளாம் என்று இலவச மென்பொருள்கள் உண்டு. அவை நீங்கள் கொடுத்ததை நம்பும். ஐந்தாம் பகுதியில் குறித்த இடைவெளிகளை நீங்களேதான் சொல்லித்தர வேண்டும்.

9. எண்ணுவது

400 மடங்கில் எண்ணி, சந்தேகமானதை எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் பாருங்கள். ஒரு மாதிரிக்குத் தரைச்செடி மகரந்தம் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பு, அல்லி, கோரை, பெரணி ஸ்போர் எல்லாவற்றையும் தனியாக எண்ணுங்கள். குளத்துக்குள்ளேயே வளரும் சம்பு ஒரு வருஷம் கொட்டினால் மொத்தச் சதவீதத்தையும் அமுக்கிவிடும்.

ஸ்லைடின் ஓரத்தில் மட்டும் எண்ணி நிறுத்தாதீர்கள். சின்ன மணிகள் ஓரத்துக்கு ஓடும். முழு வரிசையாகப் போங்கள். அரித்த, கிழிந்த மணிகளையும் ஒரு தனிப் பத்தியில் குறியுங்கள். அவை பாதிக்கு மேல் போனால், தடித்த சுவருள்ளவை மட்டும் தப்பிப் பிழைத்த கூட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடர்த்திக் கணக்கு எளிது. எண்ணிய மகரந்தத்தைப் போட்ட ஸ்போரால் பெருக்கி, எண்ணிய ஸ்போராலும் மண்ணின் கன அளவாலும் வகுக்க வேண்டும். மகரந்தம் 300, போட்ட ஸ்போர் 20,000, எண்ணிய ஸ்போர் 150, மண் ஒரு கன சென்டிமீட்டர் என்றால் விடை 40,000. சதவீதத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். சதவீதத்தில் புல் ஏறினால் புல் கூடியிருக்கலாம், மரம் குறைந்தும் இருக்கலாம். எது என்று அடர்த்திதான் சொல்லும்.

10. படிப்பது: மழையா, மனுஷனா?

மேற்பரப்பு மாதிரிகளிலிருந்து தொடங்குங்கள். களக்காட்டு மலைச்சரிவு, அடிவார உடைக்காடு, பிசான வயல், தேரி என்று இன்றைய சேற்றைக் கொண்டுவந்து எண்ணினால், எந்த நிலம் எப்படிப்பட்ட மகரந்தக் கூட்டத்தைத் தருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். புளி போலப் பூச்சியை நம்பும் மரங்கள் ஊர் முழுக்க நின்றாலும் ஸ்லைடில் அபூர்வமாகவே வரும். இது தெரியாமல், ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும், இதை மனுஷன் செய்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பதினாறு மணிகள் ஒட்டிய கருவேல மகரந்தம் மேல் அடுக்குகளில் திடீரென்று பெருகுகிறதா? குளத்துக்குள் கருவேலங்கன்று நட்ட சமூகக் காடுகள் திட்டம் ஞாபகத்தில் இருக்கட்டும். கோரை கூடுகிறதா? ஈரம் கூடியிருக்கலாம், பத்தமடைப் பாய்க்கு ஊரே கோரை அறுக்கிற ஆற்றோரமாகவும் இருக்கலாம். பனை கூடினால் பனை வைத்தவர்கள் வந்திருக்கிறார்கள். கீரைக் குடும்ப மகரந்தம் கூடினால் வறட்சி, உப்பு நிலம், உழுதுபோட்ட தரிசு ஆகிய மூன்றுமே சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன.

ஒரே சாட்சியை நம்பாமல் தொடர்பில்லாத இன்னொன்றையும் கூப்பிடுங்கள். மண்ணின் கார்பன் ஐசோடோப், அதாவது கார்பன்-13இன் விகிதம், நல்ல துணை; ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தைப் பொறுத்து (சி3, சி4) செடிக்குச் செடி அது மாறும். மரங்களும் நெல்லும் சி3 வகை, மதிப்பு மைனஸ் 27 பக்கம். வெப்பநிலப் புற்களும் சோளமும் கம்பும் சி4 வகை, மைனஸ் 12 பக்கம். நீலகிரியில் பீட் எனப்படும் மட்கிய தாவரச் சேற்றில் இதை வைத்துத்தான் சுகுமார் குழுவினர் 1993இல், கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அங்கே வறட்சியில் சி4 புல் பரவியிருந்ததையும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்துக்குப் போனதையும் காட்டினார்கள். நம் சமவெளியில் சோளமும் கம்பும் விதைத்திருப்பார்கள் என்பதால் அதே எண்ணை அதே மாதிரி படிக்க முடியாது. உமி ஃபைட்டோலித்தையும் சேர்த்துப் பார்த்தால் வயல்புல்லா காட்டுப்புல்லா என்று ஓரளவு பிரிக்கலாம்.

இன்னொரு பெரிய தடுக்கல், எந்த மழை என்பது. நீலகிரிக்கு முதன்மையானது தென்மேற்குப் பருவம். நெல்லைச் சமவெளி மலையின் மறைவில் இருக்கிறது. அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் உயிர். பொதிகைக்கு இரண்டும் உண்டு. ஆகவே மானாவாரிக் குளத்தில் தெரியும் வறட்சி நீலகிரிப் பதிவோடு பொருந்தவில்லை என்றால் உடனே உங்கள் வயதைத் திருத்தப் போகாதீர்கள். இரண்டு பருவங்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆற்றுக்கால் குளம் ஒன்றையும் மானாவாரிக் குளம் ஒன்றையும் ஒரே முறையில் படித்துப் பக்கத்தில் வைத்தால், மலைமழையும் ஊர்மழையும் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வாய்ப்பு இருக்கிறது. இரண்டு கோர் எடுக்கத்தான் பணம் இருக்கிறது என்றால் இப்படிப் பிரித்து எடுங்கள்.

11. எழுதும்போது

வரைபடத்தில் ஆழம், வயது இரண்டையும் போடுங்கள். வயது அளந்த இடங்களை மட்டும் புள்ளியாகக் காட்டுங்கள். மற்ற ஆழங்களின் வயது கணக்கில் வந்தது என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். இடைவெளி இருக்கும் இடத்தில் கோட்டை உடைத்தே வரையுங்கள். மகரந்த வரைபடத்தை மண்டலங்களாகப் பிரிக்க, ஒத்த அடுக்குகளைக் குழுவாக்கும் கோனிஸ் என்ற கணக்குமுறையைப் பயன்படுத்தினால், அது பிரித்த எல்லை மண் நிறம் மாறிய இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் செடி மாறியதா, மகரந்தம் தங்கும் தன்மை மாறியதா என்று அரித்த மணிகளின் பத்தியை எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஒதுக்கிய மாதிரிகளையும், ஒதுக்கிய காரணத்தையும் அட்டவணையில் சேருங்கள். தொடாமல் வைத்த அரைக்கோரின் மேல் குளத்தின் பெயர், ஜி.பி.எஸ். புள்ளி, தேதி, மேல்–கீழ் நான்கையும் அழியாத மையில் எழுதி, குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைத் துறைப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். மின்தடைக்கு மாற்று இல்லாத பெட்டி என்றால் கோர் தண்டைப் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். காய்ந்து சுருங்கிய கோரில் ஆழத்தை மறுபடி அளக்கவே முடியாது.